உச்சி வெயில் ஊரும் வைட்டமின் டி மாத்திரையும்

சித்திரை பிறக்கும் நாட்களில் சிவகாசியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஆளின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆவணியில் இன்னொரு முறை அப்படி நிற்கும். பகல் குறுகிப்போன மார்கழியில்கூட நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 57 பாகை ஏறிவிடுகிறது. அதே நாட்களில் லண்டனில் அது 15 பாகைதான் ஏறும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், அதன் பின்னால் வந்த பட்டாசுத் தொழிலும் இங்கே ஊன்றிக்கொள்ள இந்த வறண்ட வானிலை பெரிதும் உதவியது. மருந்து ஏற்றிய குச்சியும் வெடியும் காய வேண்டும். காய்வதற்கு வெயில் வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் வெயிலுக்கு மட்டும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் கர்ப்பிணிக்கு வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. வெயிலில் கிடைக்கும் சத்து வெயில் ஊரில் எப்படிக் குறையும் என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான். பதில், வெயில் எந்த நேரத்தில், யார் மேல் விழுகிறது என்பதில் இருக்கிறது.

சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் 'பி' என்று ஒரு பகுதி உண்டு. அது தோலில் பட்டால் அங்கே இருக்கும் கொழுப்புப் பொருள் ஒன்று வைட்டமின் டி ஆக மாறுகிறது. கல்லீரலில் அது சேமிப்பு வடிவத்தையும், சிறுநீரகத்தில் செயல்படும் வடிவத்தையும் பெறுகிறது. காலையிலும் மாலையிலும் கதிர் சாய்வாக வருவதால் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடக்க வேண்டியிருக்கிறது. 'பி' கதிர் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிழல் ஆளைவிட நீளமாக விழும் நேரத்தில் வைட்டமின் டி பெரிதாக உருவாவதில்லை. திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் அந்தக் கொழுப்புப் பொருளைக் குப்பிகளில் அடைத்து வெயிலில் வைத்து அளந்தபோது, காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் மாற்றம் மிகுதியாக நடந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உடம்பைச் சுடும், வைட்டமினைத் தராது. மாநிறத்தவருக்கும் கறுத்த தோல் உள்ளவர்களுக்கும், வெள்ளைத் தோலுக்குப் போதுமானதைப் போலப் பல மடங்கு நேரம் தேவைப்படும்.

இனி ஒரு பட்டாசுத் தொழிலாளியின் நாளை இதன்மேல் வைத்துப் பார்க்கலாம். வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிந்தும் விடியாமலும் வேன் கிளம்பும். தெருமுனையில் வேனுக்குக் காத்து நிற்கும்போது மேலே விழுவது இளவெயில். பட்டாசு ஆபீஸில் தனித்தனி அறைகளில் திரி வைப்பது, குழாய் சுருட்டுவது, சரம் பின்னுவது, பெட்டியில் அடைப்பது என்று பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்த வேலைகள் எல்லாம் கூரைக்கு அடியில் உட்கார்ந்து செய்பவை. விபத்து நேர்ந்தால் ஓடித் தப்புவதற்காக அறைக்குப் பல வாசல்கள் இருக்கும், வெளிச்சமும் தாராளமாக வரும். ஆனால் நேர் வெயில் உள்ளே வராது. உச்சி வேளையில் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைத் திறப்பது வேப்பமர நிழலில். மாலையில் வீடு திரும்பும்போது நிழல் மறுபடி நீண்டிருக்கும். பத்து மணி முதல் மூன்று மணி வரையிலான வெயிலை உலர்மேடையில் பரப்பிய வெடிகள் வாங்கிக்கொள்கின்றன.

இது பட்டாசுக்கு மட்டும் உரிய நிலைமை இல்லை. தீப்பெட்டி ஆபீஸ், காலண்டரும் டைரியும் அச்சாகும் அச்சகங்கள், ராஜபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், அருப்புக்கோட்டை விசைத்தறிகள் என்று இந்த மாவட்டத்துப் பெண்களுக்குக் கூலி கொடுக்கும் தொழில்களில் பெரும்பாலானவை கூரைக்குக் கீழே நடப்பவை. கல்யாணத்துக்குப் பிறகு, முக்கியமாகக் கர்ப்பமானதும், ஆபீஸுக்குப் போவதை நிறுத்தி வீட்டிலேயே குழாய் சுருட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் திண்ணை வெயிலும் எட்டாது. காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் மட்டும் வெயிலில் நிற்கிறார்கள்.

இந்தக் கணக்கு ரத்தப் பரிசோதனையிலும் தெரிகிறது. இந்தப் பகுதிக்கு ஓரளவு அருகில் உள்ள நல்ல சான்று மைசூரிலிருந்து கிடைக்கிறது. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 559 கர்ப்பிணிகளைப் பரிசோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. மில்லி லிட்டர் ரத்தத்தில் வைட்டமின் டி 20 நானோ கிராமுக்குக் கீழ் இருந்தவர்கள் 66 விழுக்காடு. வடக்கே லக்னோவில் 2005இல் வெளியான ஆய்வில் 84 விழுக்காட்டுக் கர்ப்பிணிகளுக்கு 22.5 நானோ கிராமுக்குக் கீழேதான் இருந்தது. தாய்க்கு எவ்வளவு குறைவோ அதற்கேற்பக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் குறைவு. கர்ப்பிணி அல்லாதவர்களைத் திருப்பதிப் பகுதியில் பார்த்தபோது, ஊர்ப்புறப் பெண்களில் 70 விழுக்காட்டினரும் நகரப் பெண்களில் 75 விழுக்காட்டினரும் 20க்குக் கீழே இருந்தார்கள். இரண்டு இடத்திலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு மோசம்.

இந்த எண்களைப் படித்துவிட்டு நாட்டில் முக்கால்வாசிப் பேர் நோயாளிகள் என்று முடிவுகட்டக் கூடாது. எல்லாம் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2016-18இல் நடந்த தேசியக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு 12 நானோ கிராமில் கோடு போட்டது. அதில் நாடு முழுக்க வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினர்தான் குறைபாடுள்ளவர்கள். அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று 2010இல் எலும்பு நலத்துக்கு 20 போதும் என்றது. மறு ஆண்டே நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர்களின் சங்கம் 30 வேண்டும் என்றது. ஒரே பெண், ஒரே ரத்தம். ஒரு கோட்டின்படி நலம், இன்னொன்றின்படி குறைபாடு. தனியார் ஆய்வக அறிக்கையில் 30க்குக் கீழே வந்த எண்ணெல்லாம் தடித்த எழுத்தில் அச்சாகி வருவதைப் பார்த்துப் பயந்துபோகும் குடும்பங்களுக்கு இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். எந்தக் கோட்டின்படி பார்த்தாலும் கணிசமான கர்ப்பிணிகளுக்குக் குறைவு இருக்கிறது என்பதும் உண்மை.

குறைந்தால் என்ன ஆகும்? இங்கே மருத்துவம் உறுதியாகச் சொல்லும் பகுதி ஒன்று, இழுபறியில் இருக்கும் பகுதி ஒன்று. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

உறுதியான பகுதி எலும்பும் கால்சியமும். வயிற்றில் வளரும் குழந்தை தன் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தைக் கடைசி மூன்று மாதங்களில் மிக வேகமாக இழுக்கிறது. அதற்கு ஈடுகொடுக்கத் தாயின் குடல் கால்சியத்தை இரு மடங்கு உறிஞ்சத் தொடங்குகிறது. செயல்படும் வைட்டமின் டி அளவும் கர்ப்பத்தில் இரண்டு மூன்று மடங்காக உயர்கிறது. குழந்தை தானாக டி தயாரிக்க வழியில்லை. தாயின் சேமிப்பு நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேருகிறது. பிறக்கும்போது குழந்தையின் இருப்பு தாயின் இருப்பில் முக்கால் பங்குக்கு முன்பின்னாக இருக்கும். தாய்ப்பாலிலும் டி சொற்பம். ஆக, சேமிப்பு இல்லாத தாய்க்குப் பிறந்து தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை வெறுங்கையோடு தொடங்குகிறது.

இதன் விளைவை இந்தியா நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்தது. காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வான், பர்தாவுக்குள் அடைபட்ட பெண்களுக்கு எலும்பு மென்மையாகி இடுப்புக்கூடு குறுகிப் பிரசவம் அடைபட்டுப்போவதை 1928இல் புத்தகமாகவே எழுதினார். அதே ஊர்களில் வயலிலும் படகிலும் வேலை செய்த ஏழைப் பெண்களுக்கு அந்த நோய் குறைவாக இருந்தது. அன்று வீட்டுக்குள் இருந்தது வசதி உள்ளவர்களின் அடையாளம். இன்று விருதுநகர் மாவட்டத்தில் கூரைக்குள் இருப்பது கூலிக்காக.

பிற்காலத்துச் சான்று லண்டனில் கிடைத்தது. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஆசியக் கர்ப்பிணிகளைக் கொண்டு புரூக் குழுவினர் நடத்திய சோதனை 1980இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு குழுவுக்குக் கடைசி மூன்று மாதம் நாளுக்கு 1,000 அலகு டி. மற்றக் குழுவுக்கு வெறும் மாத்திரை. மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகளில் ஐந்து பேருக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி அறிகுறிகள் தோன்றின. உச்சிக்குழியும் அகலமாக இருந்தது. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடக் கால்சியம் அப்படி இறங்கவில்லை. சென்னைக் குழந்தைகளுக்கும் இது புதிதில்லை: தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் டி குறைவால் கால்சியம் இறங்கி வருவதைக் காஞ்சி காமகோடி குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் 2006இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் பதிவு செய்தார்கள். கொழுகொழுவென்று இருக்கும் கைக்குழந்தைக்குத் திடீரென்று வலிப்பு வந்தால் வீடு முதலில் நினைப்பது காய்ச்சலையோ கண்ணேறையோதான்; தாயின் ரத்தத்தில் இருந்த குறையை யாரும் நினைப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கர்ப்பிணிக்கு டி தேவை என்று சொல்லிவிடலாம்.

இழுபறியில் இருப்பது மற்றதெல்லாம். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடியக்கூடிய முன்சூல்வலிப்பு, கர்ப்பகாலச் சர்க்கரை, குறைமாதப் பிரசவம், எடை குறைவு, பிற்காலத்தில் ஆஸ்துமா என்று எல்லாவற்றையும் டி தடுக்கும் என்ற நம்பிக்கை 2000களில் பரவியது. டி குறைந்த பெண்களிடம் இந்தச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன என்பதே அடிப்படை. ஆனால் டி குறைவு என்பது பெரும்பாலும் உடல் பருமன், வறுமை, நோய், வெளியே நடமாட முடியாமை ஆகியவற்றோடு சேர்ந்தே வரும். எது காரணம், எது கூட வந்தது என்று பிரித்தறிய மாத்திரை கொடுத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். மைசூர் ஆய்விலேயே தாயின் டி அளவுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை; குழந்தையின் பிறப்பு அளவுக்கும் தொடர்பு இல்லை.

சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 அறிக்கை 30 சோதனைகளையும் 7,033 பெண்களையும் சேர்த்துப் பார்த்து, டி மட்டும் கொடுத்தால் முன்சூல்வலிப்பும் கர்ப்பகாலச் சர்க்கரையும் எடை குறைவும் அநேகமாகக் குறையும் என்றது. பலருக்கும் அது பெரிய செய்தி. 2024இல் அதே குழு, ஒவ்வொரு சோதனையும் நம்பத்தக்கதா என்று சல்லடை போட்டுப் பார்த்தது. பழைய சோதனைகளில் 21 கழிந்துபோயின; புதிதாகச் சேர்ந்த ஒன்றோடு மிஞ்சியவை 10. முன்சூல்வலிப்பு, சர்க்கரை, குறைமாதம் ஆகிய மூன்றைப் பற்றியும் சான்று மிகவும் நிச்சயமற்றது என்று அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. எடை குறைவு மட்டும் ஓரளவு குறையலாம் என்ற இடத்தில் நிற்கிறது. அதிலும் உறுதி இல்லை. ஐந்து ஆண்டில் இவ்வளவு பெரிய திருப்பம். முந்தைய அறிக்கையை வைத்து எழுதிய பாடநூல்களும் மருந்து கம்பெனித் துண்டறிக்கைகளும் இன்னும் கையில் இருக்கின்றன. மருத்துவ ஆய்வில் தரம் தவறிய ஒரு சோதனை, கடைசியில் ஏதோ ஒரு கிராமத்துக் கர்ப்பிணியின் கையில் வாங்க வேண்டாத மருந்துச் சீட்டாக வந்து விழுகிறது. அதனால்தான் இந்தச் சல்லடை வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தனித்தனிச் சோதனைகளில் நம் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது டாக்காவில் நடந்தது. 1,300 கர்ப்பிணிகள், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குத் தொடக்கத்திலேயே டி மிகக் குறைவு. வாரத்துக்கு 4,200 அலகு முதல் 28,000 அலகு வரை பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். தாயின் ரத்தத்தில் டி உயர்ந்தது. வயிற்றுக்குள் குழந்தையின் வளர்ச்சியிலோ ஒரு வயதில் அதன் நீளத்திலோ வித்தியாசம் இல்லை. மிக உயர்ந்த அளவு பெற்றவர்களிடம் சிறுநீரில் கால்சியம் கூடுவதற்கான அறிகுறி சற்று அதிகமாகத் தெரிந்தது. 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த முடிவு இது. பிரிட்டனில் நாளுக்கு 1,000 அலகு கொடுத்த சோதனையில் பிறந்த குழந்தைகளின் எலும்புச் சத்தில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. குளிர்காலத்தில் பிறந்தவர்களிடம் மட்டும் இருந்தது. ஆனால் அதே குழந்தைகளை நான்கு வயதிலும் ஆறேழு வயதிலும் அளந்தபோது மருந்து பெற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கு எலும்பு கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. ஆஸ்துமாவைப் பார்த்த அமெரிக்கச் சோதனையில் மூன்று வயதில் சிறு நன்மை போலத் தோன்றியது ஆறு வயதில் காணாமல் போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்தால், எலும்புப் பக்கம் ஆதாயம் தெரிகிறது. மற்றப் பக்கங்களில் வாக்குறுதி ஆதாரத்தை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

எனவே பெரிய அமைப்புகளும் ஒத்துப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டி கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று மறுபடியும் சொன்னது; குறைவு இருக்கும் என்று ஐயம் எழுந்தால் நாளுக்கு 200 அலகு கொடுக்கலாம் என்றது. நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024இல், பயன் இருக்க வாய்ப்பு உண்டு, ஆகவே பரிசோதனை செய்யாமலே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்றது. அது பார்த்த சோதனைகளில் சராசரி அளவு நாளுக்கு 2,500 அலகு அளவில் இருந்தது. வெயிலற்ற பிரிட்டன் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நாளுக்கு 400 அலகு என்று எளிமையாக வைத்திருக்கிறது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் நாளுக்கு 600 அலகு தேவை என்று வகுத்தது.

இந்த வாதத்தில் நம் ஊர்க் கர்ப்பிணி எங்கே நிற்கிறாள்? பலர் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. மத்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 14ஆம் வாரம் முதல் பிரசவம் வரையும், பிறகு ஆறு மாதமும் நாளுக்கு இரண்டு சுண்ணாம்புச்சத்து மாத்திரை இலவசம். ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மில்லி கிராம் கால்சியத்தோடு 250 அலகு வைட்டமின் டி3 இருக்க வேண்டும். அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கும் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறவளுக்கு நாளுக்கு 500 அலகு டி ஏற்கெனவே போய்ச் சேருகிறது. தேவை என்று வகுத்த 600க்கு அது மிக அருகில். உலக சுகாதார நிறுவனம் ஐயத்துக்குச் சொன்ன 200ஐ அது தாண்டிவிட்டது. கூடவே வரும் கால்சியத்துக்கு, முன்சூல்வலிப்பைக் குறைக்கும் என்ற சான்றும் இருக்கிறது. டி தருவதாகச் சொல்லி நிரூபிக்காத பயனைக் கால்சியம் தருகிறது.

ஆகவே விருதுநகர் மாவட்டத்துக்கு நான் கேட்பது புதிய மாத்திரை எதையும் இல்லை. கைக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் போவதில்லை? மாத்திரை பெரியது, தொண்டையில் நிற்கும். மலச்சிக்கல் கட்டும் என்று பயம். எல்லாவற்றுக்கும் மேல், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சுண்ணாம்புச்சத்தை வெறும் வயிற்றிலும் போடக் கூடாது. காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று, இரும்பு இரண்டு மணி நேரம் தள்ளி என்று செவிலியர் சொல்லிக் கொடுப்பது காலை எட்டு மணிக்கு நிதானமாகச் சாப்பிடும் வீட்டுக்குப் பொருந்தும். விடியலில் வேன் ஏறுகிறவள் காலைச் சாப்பாட்டை ஆபீஸில்தான் சாப்பிடுவாள். மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும். நம்மில் பாதிக் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை இருக்கும்போது, இரண்டில் ஒன்றை மட்டும் போடுவது என்றால் பெரும்பாலும் இரும்பைத்தான் வலியுறுத்துவார்கள்; அது சரிதான். ஆகவே கிராம சுகாதார செவிலியர் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்கு வேன் வரும், எங்கே சாப்பிடுவே" என்பதை. மதியச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு ஒரு சுண்ணாம்புச்சத்து, இரவுச் சாப்பாட்டோடு இன்னொன்று, தூங்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் தள்ளி இரும்பு என்று அவளுடைய நாளுக்கு ஏற்றபடி அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். மாத்திரையை ஆபீஸ் முதலுதவிப் பெட்டியில் வைத்து மதியம் எடுத்துக் கொடுக்க ஆபீஸ் நிர்வாகங்கள் முன்வந்தால் செலவு எதுவும் ஆகாது.

வெயிலில் நில் என்று சொன்னால் போதாதா? உலக சுகாதார நிறுவனம்கூட சூரிய ஒளியே முதன்மையான மூலம் என்கிறது. இந்த ஊருக்கு இந்த அறிவுரையைக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். டி கிடைக்கும் நேரமும் உடம்பைக் கொல்லும் நேரமும் ஒன்று. சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கார்த்திகை முதல் தை வரை பத்தரை, பதினொரு மணிக்கு முகத்திலும் கைகளிலும் கால்மணி நேரம் வெயில் வாங்கலாம். பங்குனி முதல் ஆனி வரை அக்கினி வெயிலில் நிற்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நிழலில் உட்கார்ந்து ஒரு மாத்திரை விழுங்கினால் கிடைப்பதற்காக ஒரு கர்ப்பிணியை அந்தத் தரையில் நிறுத்த வேண்டிய தேவை இல்லை.

உணவு கொஞ்சம்தான் கைகொடுக்கும். கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் எள்ளிலும் கால்சியம் உண்டு, டி இல்லை. முட்டை மஞ்சள் கருவிலும் மத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் டி உண்டு. கடலிலிருந்து தள்ளி இருக்கும் கரிசல் ஊர்களில் மீன் தினம் வரும் பண்டம் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 அலகு டி இருக்கும். ஒரு டம்ளர் குடித்தால் 50 அலகு தேறும். நல்லது, போதாது.

இன்னொரு முனையில் இருக்கிறது மிகைமருந்து. மருந்துக்கடையில் 60,000 அலகு டி3 பவுடர் பாக்கெட் எளிதாகக் கிடைக்கிறது. வாரம் ஒன்று பாலில் கலந்து குடி என்று சொல்லி அனுப்புகிறார்கள். வாரத்துக்கு 60,000 என்றால் நாளுக்கு 8,500 அலகுக்கு மேல். பாதுகாப்பான மேல் வரம்பு என்று வகுத்திருப்பது நாளுக்கு 4,000. ரோத்தக்கில் 1981இல் ஏழாம் எட்டாம் மாதங்களில் ஆறு லட்சம் அலகு வீதம் இரண்டு முறை கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. பெரிய அளவே நல்லது என்ற பழக்கம் நம் நாட்டில் வெகுகாலமாக இருக்கிறது. டி கொழுப்பில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, உடம்பில் தங்கிக் கால்சியத்தை ஏற்றும். எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் உள்ள பெண்ணுக்கு மருத்துவர் கண்காணித்துக் கொடுப்பது வேறு. எல்லாருக்கும் பாக்கெட் எழுதுவது வேறு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரத்தத்தில் டி அளந்து பார்ப்பதையும் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே வேண்டாம் என்கிறது. வாரக் கூலியில் பெரும் பங்கை விழுங்கும் அந்தப் பரிசோதனைக்குப் பதிலாக அந்தப் பணத்தில் முட்டை வாங்கலாம்.

பிறந்த குழந்தைக்கு வருவோம். காலை ஏழு மணிக்குப் பாட்டி முற்றத்தில் குழந்தையை எண்ணெய் தடவி இளவெயிலில் காட்டுவது இதமான வழக்கம். குழந்தைக்கும் பாட்டிக்கும் சுகம். ஆனால் அந்த நேரத்து வெயிலில் டி அநேகமாக இல்லை. மதிய வெயிலில் பச்சைக் குழந்தையைக் காட்டுவது நினைக்கவே கூடாத காரியம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது ஒன்றே: பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வயது வரை நாளுக்கு 400 அலகு சொட்டு மருந்து. கடையில் ஒரு மில்லியில் 400 அலகு உள்ள பாட்டிலும் இருக்கிறது, 800 அலகு உள்ளதும் இருக்கிறது; பாட்டிலை மாற்றினால் அளவும் மாற வேண்டும் என்பதை மருந்தாளர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் எடை குறைந்து பிறந்த 2,079 குழந்தைகளுக்கு வாரம் 1,400 அலகு கொடுத்துப் பார்த்த 2011 ஆய்வில் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. வளர்ச்சி கொஞ்சம் மேம்பட்டது. சொட்டு மருந்தும் எல்லாம் வல்லது இல்லை. எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயையும் கால்சியம் இறங்கி வரும் வலிப்பையும் தடுக்கிறது. அதற்காகவே அது வேண்டும்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பட்டாசுப் பகுதிக் கர்ப்பிணிகளின் நலம் என்று பேசும்போது டியை மட்டும் பிடித்துக்கொள்வது பார்வையைக் குறுக்கிவிடும். பட்டாசில் சேரும் பெர்குளோரேட் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் கலந்திருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அது தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை மறிக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு இன்றியமையாதது. எனவே இந்த வட்டாரத்தில் கர்ப்பிணிக்குத் தைராய்டு பரிசோதனையும், பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் அதே பரிசோதனையும் டி பரிசோதனையைவிடப் பல மடங்கு அவசரமானவை. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆய்வுக்கும் கண்காணிப்புக்கும் ஆளும் கருவியும் மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. மத்திய அரசு 2018இல் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்கு உரியவை இரண்டே. விருதுநகர் அதில் ஒன்று. ஆரோக்கியமும் ஊட்டச்சத்தும் அந்தத் திட்டத்தின் முதல் அளவுகோல்.

வேலையைப் பற்றியும் ஒரு வரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய், கர்ப்பிணி கொஞ்ச காலம் கூலியை நம்பாமல் ஓய்ந்திருக்கவும் நன்றாகச் சாப்பிடவும் என்று ஏற்பட்டது. பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. வழியாகவும் மகப்பேறு கால ஊதியம் உண்டு. வீட்டில் குழாய் சுருட்டுகிறவளுக்குப் பதிவேடும் இல்லை, அந்த ஊதியமும் இல்லை. நிறைமாதம் வரை எண்ணிக்கைக் கூலிக்கு உட்கார்ந்திருப்பவள் அவளே.

கடைசியாக, இன்னும் சில ஆண்டுகளில் முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் பங்கேற்று இந்தியாவிலும் தான்சானியாவிலும் ஒவ்வொன்றிலும் 11,000 பெண்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2024 ஜனவரியில் வந்தது. நாளுக்கு 500 மில்லி கிராம் கால்சியம் கொடுத்தாலே முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் 1,500 மில்லி கிராமுக்கு அது சளைக்கவில்லை. இதை ஏற்று இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்தால் விழுங்குவது எளிதாகும், அரசுக்குச் செலவும் குறையும், இரும்போடு வரும் மோதலும் தணியும். நான் வரவேற்கிறேன். ஆனால் மாத்திரை ஒன்றாகும்போது அதில் இருக்கும் டியும் 500 அலகிலிருந்து 250க்கு இறங்கிவிடும். கால்சியத்தைப் பற்றி முடிவு செய்கிறவர்கள் டியை மறந்துவிட இடம் உண்டு. டி அந்த மாத்திரையில் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது சத்துதானே. கொள்முதல் விவரக்குறிப்பைத் திருத்தும் அன்றே, ஒற்றை மாத்திரையில் 500 அலகு டி3 என்று மாற்றி எழுத வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தனக்கு வேண்டிய மருந்துகளைத் தானே ஒப்பந்தம் கோரி வாங்குகிறது. டெல்லியின் திருத்தம் வரும்வரை காத்திருக்காமல் அந்த ஒரு வரியை இங்கேயே எழுதிவிட முடியும்.